ஆறாம் வகுப்பைக் கேட்டு வாங்கியவள்

சிவகௌரி ரீச்சரின் நெற்றித் தழும்புக்கு எங்கள் ஊரில் பல கதைகள் உலாவுகின்றன. மோட்டார் சைக்கிளால் விழுந்தவள் என்கிறார்கள். காணிச் சண்டையில் தம்பிக்காரன் வெட்டினான் என்கிறார்கள். வேறொன்றும் உண்டு, அதை நான் எழுதமாட்டேன். அதைச் சொல்கிறவர்களின் வாயில் மண் விழ! நான் பக்கத்து வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தவள். அந்த இரத்தத்தைப் பொத்திப் பிடித்தது என்னுடைய சேலைத் தலைப்பு. ஆகவே நான் சொல்வதைக் கேளுங்கள்.

கீரிமலைக்குப் போகிற வீதியில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். சிவகௌரியும் வெங்காயத் தோட்டக்காரரின் மகள்தான். தகப்பனுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் மகளுக்குத் தெரியவேண்டும் என்ற வெறி. பின்னேரங்களில் அவள் புத்தகத்தோடு குந்துவாள், அவர் மாட்டுக் கயிற்றோடு பக்கத்தில் குந்துவார். சரியாக வாசிக்கிறாளா பிழையாக வாசிக்கிறாளா என்று அந்த மனிதனுக்கு எப்படித் தெரியும்? தடக்கி நின்றால் அடி, அவ்வளவுதான். அதனால் அவள் நிற்காமல் வாசிக்கப் பழகினாள். சண்டைக் காலத்தில் ஊரை விட்டு ஓடி மரங்களுக்குக் கீழே கிடந்தபோதும் புத்தகமும் கயிறும் கூடவே போயின. அடித்து அடித்தே அவளை ஆங்கில ரீச்சர் ஆக்கிவிட்டுத்தான் தகப்பன் கண்ணை மூடினார்.

"எனக்கு அடியாலை வந்தது. உவையளுக்கும் அடியாலைதான் வரும்," என்பாள் என்னிடம். சொல்லிக்கொண்டே கிளுவை வேலியில் ஒரு கம்பை முறித்து இலையை உருவுவாள். பிள்ளைகளுக்கு அடிக்கக்கூடாது என்று கல்விக் கந்தோரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. அதிபர் சண்முகநாதன் சேர் அதை எங்கள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார், எல்லாரும் கையெழுத்து வைத்தோம். அடுத்த பாடவேளைக்கு அவள் கம்போடுதான் போனாள். அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் பதினோராம் வகுப்புப் பரீட்சையில் ஆங்கிலத்தில் பிள்ளைகளைச் சித்தியடைய வைத்தது அவள்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு திட்டம் இருந்தது. தாளில் இல்லை, பழக்கத்தில். நல்ல ரீச்சர் பத்துக்கும் பதினொன்றுக்கும். அதற்கு அடுத்த ரீச்சர் ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவுக்கு. அதற்குக் கீழே? எந்த ஆசிரியருக்குப் பாடவேளை குறைகிறதோ, அவர் தலையில் ஆறாம் வகுப்பு ஆங்கிலத்தைக் கட்டிவிடுவார்கள். அவர் சங்கீதம் படித்தவராக இருந்தாலென்ன, விவசாயம் படித்தவராக இருந்தாலென்ன. கலியாண வீட்டில் முதல் பந்திக்கு எல்லாக் கறியும் போய், கடைசிப் பந்திக்கு அடிச்சட்டி வருமே, அந்த மாதிரி. இதில் பெரிய வேடிக்கை, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைதான் கடைசிப் பந்தியில் இருந்தது.

அப்படி நாலு வருஷம் அடிச்சட்டி தின்று பத்தாம் வகுப்புக்கு ஏறியவர்களில் ஒருவன் தனோஜன். பூரணத்தின் மகன். பூரணம் தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்குகிறவள், புருஷன் கைவிட்டுப் போனவள். தனோஜன் நெடுவலான பெடியன், சனி ஞாயிறில் மேசன்மாரோடு சீமெந்து குழைக்கப் போவான். அப்போது பதினொன்று சி பிரிவு, படிப்பில் கடைசிப் பிள்ளைகளின் பிரிவு.

அன்றைக்குச் சிவகௌரி அவனை எழுப்பி வாசிக்கச் சொன்னாள். அவன் எழும்பினான். புத்தகத்தைத் தொடவில்லை. வலது கையை நீட்டினான்.

சி பிரிவுப் பிள்ளைகளுக்கு அது பழக்கம். ரீச்சர் பெயரைச் சொன்னவுடன் எழும்பி உள்ளங்கையை நீட்டிவிடுவார்கள். வாசிக்கத் தெரியாது, அடிதான் வரப்போகிறது, பிறகேன் வீணாக மினைக்கெடுவான்? எங்கள் வகுப்புகளுக்கு நடுவில் இருப்பது அரைச்சுவர்தான், நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அது நக்கல் போலப் பட்டுவிட்டது.

"கையை ஏன்ரா நீட்டுறாய்? வாசியெண்டெல்லோ சொன்னனான்!"

அவன் மற்றக் கையையும் நீட்டினான்.

அவள் கையில் அடித்தாள். காலில் அடித்தாள். முதுகில் அடித்தாள். கம்பு பிளந்து நார் நாராகப் போனது, அப்போதும் விடவில்லை. "வாசி! வாசி!" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம். அவன் கம்பைப் பிடித்து முறித்து யன்னலுக்கு வெளியே எறிந்தான். அவள் அவனுடைய கன்னத்தைப் பொத்தி அறைந்தாள், மோதிரம் பட்டு அவன் காதடியில் கிழிந்தது. அவ்வளவுதான். பக்கத்தில் கிடந்த இரும்புக் கதிரையைத் தலைக்கு மேலே தூக்கினான். பெட்டைகள் குழறினார்கள். கதிரைக் கால் நெற்றியில் இறங்கிய சத்தம் அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் பாய்ந்து போனபோது அவள் கரும்பலகைக்குக் கீழே கிடந்தாள். கண் தெரியவில்லை, முகம் முழுக்க இரத்தம். தனோஜன் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். ஓடியிருந்தாலாவது நல்லது. விளையாட்டு சேரும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் வந்து அவனை நிலத்தில் விழுத்தி உதைத்தார்கள். படிப்பிக்கிறவர்களுடைய கால்கள் அப்படி ஏறி ஏறி மிதித்ததை அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். "ஐயோ, செத்துப்போவான், விடுங்கோ!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆர் கேட்டது?

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். கட்டுப் போட்டு முடிய அவளுடைய தம்பி அருட்செல்வன் வந்து சேர்ந்தான். மணல் ஏற்றுகிற ரிப்பர் லொறி ஓட்டுகிறவன், கோபம் வந்தால் மனுஷனே இல்லை.

"அக்கா, ஆரவன்?"

"சும்மா போடா," என்றேன் நான். "உனக்கேன் உது?"

"நான் உங்களைக் கேக்கேல்லை ரீச்சர். அக்கா, பெயரைச் சொல்லு."

சிவகௌரி சொன்னாள். "தனோஜன். பூரணத்தின்ரை பெடியன்." என் காதால் கேட்டேன். வலியிலும் அவமானத்திலும் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

பொழுது சாய முதலே அவர்கள் பூரணத்தின் வளவுக்குள் புகுந்துவிட்டார்கள். அருட்செல்வனும் அவனுடைய கூட்டாளிகளும், கையில் தண்ணிக் குழாய் இரும்பு. தனோஜனை முற்றத்துக்கு இழுத்து வந்து, வலது கையைத் தென்னங்குற்றியில் வைத்துப் பிடித்தார்கள். "எந்தக் கையாலையடா கதிரை தூக்கினனீ?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். மணிக்கட்டு உடைந்து தொங்கியது. குறுக்கே விழுந்த பூரணத்தின் வாயில் ஒரு இடி, முன்பல்லுப் போனது. பக்கத்து வீட்டுச் சனம் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றது. பார்க்கத்தானே எங்கள் சனத்துக்குத் தெரியும்! ஐந்தாம் வகுப்புப் படிக்கிற தங்கைக்காரி வினோஜா கட்டிலுக்குக் கீழே கிடந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை நான் சிவகௌரிக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன். தனோஜனையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். நான் போத்தல் மூடியில் தேத்தண்ணியை ஊற்றுகிறேன், பூரணம் உள்ளே வருகிறாள். வாய் வீங்கி, சட்டையில் காய்ந்த இரத்தம். வந்தவள் நேரே கட்டிலில் ஏறிச் சிவகௌரியின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எடியே! ஆறாம் வகுப்பிலை அவனுக்கு இங்கிலிஸ் ஆர் படிப்பிச்சது? சொல்லடி! அந்த விளையாட்டு வாத்தி. படிப்பிச்சவனே? வெயிலுக்கை லெப்ட் ரைட்டெண்டு மாச் பண்ண விட்டவன். ஏழாம் வகுப்பிலை வந்தவ பிள்ளைப்பேத்து லீவிலை போட்டா, பேந்து ஒருத்தரும் வரேல்லை. எட்டிலை பள்ளிக்கூடத் தோட்டத்திலை புல்லுப் பிடுங்க விட்டவை. புல்லுப் பிடுங்க நான் பழக்கமாட்டனே என்ரை பிள்ளைக்கு? ஒன்பதிலை பாட்டு ரீச்சர் பலகையிலை எழுதிப்போட்டுப் பாத்தெழுதச் சொன்னவ. நாலு வருஷம் ஒருத்தியும் ஒருத்தனும் ஒண்டும் குடுக்காமல், குடுக்காததைத் தாவெண்டு அடிச்சியே, நீ பொம்பிளையே?"

தாதிமார் வந்து இழுத்தார்கள். நானும் இழுத்தேன். மயிர் கையோடு வந்தது, பூரணம் விடவில்லை.

"அடுத்த வருஷம் என்ரை பெட்டை ஆறாம் வகுப்புக்கு வரவேணும். அவளையும் நாலு வருஷம் சும்மா வைச்சிருந்து பேந்து அடிச்சுக் கொல்லப்போறியளோ? அனுப்பமாட்டன். தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவன். உங்கடை கண்டறியாத பள்ளிக்கூடம்!"

அவளைக் கொண்டுபோன பிறகும் அந்த விறாந்தையில் குரல் கேட்டது. சிவகௌரியின் கட்டு நனைந்து இரத்தம் கசிந்தது. நல்லாத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா எனக்கு அடிக்க முதல் புத்தகமெண்டாலும் தந்தவர்."

பின்னேரம் பொலிஸ் வந்தது. பெடியன் கதிரையால் அடித்தான் என்று எழுதிக்கொண்டு போகத்தான் வந்தார்கள். இவள் எழும்பி இருந்து, "முதல் அடிச்சது நான். அவன் தாங்கேலாமல்தான் திருப்பி அடிச்சவன். கை முறிச்சது என்ரை தம்பி அருட்செல்வன். அவனுக்குப் பெயர் சொல்லிக் குடுத்ததும் நான்," என்றாள். நான் அவளுடைய காலைக் கிள்ளினேன். "விசரே உனக்கு?" என்றேன், பொலிசுக்கு முன்னாலேயே. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

அருட்செல்வனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பிணையில் வந்த அன்றே அவன் அக்காவின் வீட்டுக் கேற்றை ரிப்பரால் இடித்துக்கொண்டு உள்ளே போனான். அவளுடைய ஸ்கூட்டரைக் கல்லால் குத்தினான். யன்னல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவளைக் கையில் பிடித்து இழுத்துவந்து முற்றத்தில் தள்ளி, "உனக்காண்டித்தானேயடி அடிச்சனான்! எனக்கு அக்காவெண்டு ஒருத்தி இல்லை!" என்று குழறி அழுதான். அழுதுகொண்டே உதைத்தான். அதன் பிறகு இன்றுவரை அவன் அவளோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. அவள் கலியாணம் கட்டாதவள், இருந்த ஒரே சொந்தம் அவன்தான். பள்ளிக்கூடத்துக்கு நொண்டி நொண்டி வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவனிலை பிழையில்லை," என்றாள். எனக்கு அவளை அணைக்கவும் மனம் வந்தது, அறையவும் மனம் வந்தது.

தனோஜனை நீதிமன்றம் எச்சரித்து விட்டுவிட்டது. பள்ளிக்கூடத்தால் அவனை விலத்தவேண்டும் என்று எல்லாரும் ஒற்றைக் காலில் நின்றார்கள், சிவகௌரி ஒருத்திதான் மறுத்தாள். அதற்கு வேலையே இருக்கவில்லை. அவன் தானாகவே நின்றுவிட்டான். பரீட்சை எழுதவில்லை. கை கோணலாகப் பொருந்தியது. இடக்கையால் சீமெந்து குழைத்துக்கொண்டு திரிந்தான்.

வருஷக் கடைசியில் பாடம் பங்கிடுகிற கூட்டம் வந்தது. சண்முகநாதன் சேர் வழமைபோல, "பத்தும் பதினொண்டும் சிவகௌரி ரீச்சர்," என்று தொடங்கினார்.

"எனக்கு ஆறாம் வகுப்பு வேணும் சேர்."

விளையாட்டு சேர் சிரித்தார். வேறு சிலரும் சிரித்தார்கள். "பயந்திட்டா," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்ன ரீச்சர் பகிடி விடுறியள்? ஆறாம் வகுப்பை ஆரும் பாப்பினம். நீங்கள் கீழை போனால் சித்தி வீதம் விழுந்திடும். வலயக் கல்விக் கந்தோருக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"விழட்டும் சேர். நான் பிள்ளையளைப் பிழிஞ்செடுத்த சித்தி அது. ஏ பிரிவு எப்பிடியும் ரியூசனிலை படிச்சு எடுத்திடும். சி பிரிவிலை ஆர் இதுவரைக்கும் சித்தியடைஞ்சது? சொல்லுங்கோ பாப்பம்." அவள் விடாமல் பேசிக்கொண்டு போனாள், சின்னனில் கயிற்றுக்குப் பயந்து வாசித்தவள் இப்படித்தான் வாசித்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இதுதான்: ஆறாம் வகுப்பில் முதலில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கதைக்கப் பழக்கவேண்டும். கடையில் கதைக்கிற மாதிரி, பஸ்ஸில் கதைக்கிற மாதிரி. பிள்ளைகள் சண்டை பிடித்தால் அதையும் ஆங்கிலத்தில் பிடிக்கட்டும். வாய் திறந்த பிறகு வாசிப்பு, வாசிப்பு வந்த பிறகு எழுத்து. எட்டாம் வகுப்பு முடியும்போது சி பிரிவென்று ஒன்று ஆங்கிலத்துக்கு இருக்கக்கூடாது. அதே பிள்ளைகளோடு தானே பதினொன்று வரைக்கும் ஏறிப்போவாள். இப்போது மேலே இருக்கிற சி பிரிவுக்கு, வெட்கத்தைப் பார்க்காமல் ஏபிசியிலிருந்து தொடங்கவேண்டும்.

"அதோடை சேர், ஆறாம் வகுப்பு இங்கிலிஸ் பாடவேளையை மாச்சுக்கும் விழாவுக்கும் எடுக்க ஒருத்தரையும் நான் விடமாட்டன்."

"தடி இல்லாமல் படிப்பிச்சுக் காட்டுங்கோவன் பாப்பம்," என்றார் விளையாட்டு சேர்.

"உங்களுக்குக் காட்ட வேணுமெண்டு எனக்கு ஒரு நேத்திக்கடனும் இல்லை."

செய்தி வெளியே போனதுதான் தாமதம், பதினொன்று ஏ பிரிவுப் பெற்றோர் அதிபரின் கந்தோருக்குள் வந்து விழுந்தார்கள். ஒரு தகப்பன் மேசையைக் குத்தியதில் கண்ணாடி வெடித்துக் கை கிழிந்தது. "என்ரை மகளின்ரை வாழ்க்கையோடை விளையாடுறியளோ?" என்று இரத்தக் கையை அவளுடைய முகத்துக்கு முன்னால் ஆட்டினார். அவள் அசையவில்லை. அடி வாங்கி வாங்கி அவளுக்கு மரத்துப்போய்விட்டது போலும். "ஒண்டில் ஆறாம் வகுப்பு. இல்லாட்டில் மாற்றம் எடுத்துக்கொண்டு போறன்," என்றாள் அதிபரிடம். அவள் போனால் ஒன்றுக்கும் ஆள் இல்லை என்று சண்முகநாதன் சேருக்குத் தெரியும். தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஒரு வருஷம் பாப்பம்," என்றார்.

ஆறாம் வகுப்பு கிடைத்தது. ஆனால் ஆருக்காக அவள் அதைக் கேட்டு வாங்கினாளோ அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வருமா? பூரணம் மகளைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். சிவகௌரி என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வளவுக்குப் போனாள். படலை திறந்த சத்தத்துக்குப் பூரணம் எட்டிப் பார்த்தாள். மாட்டுச்சாணி கரைத்து வைத்திருந்த வாளியை அப்படியே தூக்கி எங்கள் மேலே ஊற்றினாள். என் புதுச்சேலை! நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். சிவகௌரி முகத்தை வழித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஆறாம் வகுப்புக்கு நான்தான் படிப்பிக்கப்போறன். வினோஜாவை அனுப்பணை."

"நீயோ? அதைவிடப் பேய்க்குப் பிடிச்சுக் குடுக்கலாம்."

"தடி எடுக்கமாட்டன்."

"கை இருக்கெல்லோ?"

"கையும் நீட்டமாட்டன். கீரிமலை நகுலேசுவரர் மேலை சத்தியம்."

பூரணம் அவளுடைய நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லில்லாத இடத்தால் காற்று வந்தது. "என்ரை மோன் கதிரைதான் தூக்கினவன். என்ரை பெட்டையிலை கை வைச்சியெண்டால் நான் புல்லு வெட்டுற சத்தகம் தூக்குவன்."

"தூக்கு."

வருஷம் தொடங்கியது. முதல்நாள். இந்த முறையும் எனக்குப் பக்கத்து வகுப்பு, நடுவில் அரைச்சுவர். நான் பாடம் தொடங்காமல் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன், பிறகு வெட்கத்தை விட்டு எட்டியே பார்த்தேன். வினோஜா கடைசி வாங்கில் இருந்தாள், ஒரு கொத்து எலும்பு, பெரிய கண்கள். சிவகௌரி தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்ப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தாள். சில பிள்ளைகள் சொன்னார்கள், சிலர் சிரித்தார்கள், ஒருவன் தன் பெயருக்குப் பதிலாக ரீச்சரின் பெயரையே திருப்பிச் சொல்லி எல்லாரும் விழுந்து சிரித்தார்கள்.

வினோஜாவின் முறை வந்தது.

"வட் இஸ் யுவர் நேம்?"

பிள்ளை எழும்பியது. வாய் திறக்கவில்லை. வலது கையை நீட்டி உள்ளங்கையை விரித்தது.

சிவகௌரியின் முகம் வெளிறியதை நான் கண்டேன். அண்ணன்காரன் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான்: இங்கிலிஸ் ரீச்சர் உன்னை எழுப்பினால் கையை நீட்டு, கெதியாய் முடிஞ்சிடும். பிள்ளைக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

சிவகௌரி அந்தக் கையை மெல்லப் பிடித்தாள். காலை வணக்கம் சொல்லிக் கை குலுக்குவோம் என்றுதான் நினைத்தாளாம், பிறகு என்னிடம் சொன்னாள். பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? கையைப் பிடித்துக்கொண்டு அடித்ததைத்தானே அவள் கட்டிலுக்குக் கீழே கிடந்து பார்த்தாள். குனிந்து ஒரு கடி! சிவகௌரியின் பெருவிரலடியில் பல் இறங்கி, நாய் பிடித்த மாதிரிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரத்தம் வாங்கில் சொட்டியது.

சிவகௌரியின் மற்றக் கை எழும்பியது. நான் கண்டேன். தகப்பனிடமிருந்து வந்த கை, இத்தனை வருஷம் பழகின கை, அவளைக் கேட்காமலே காதளவுக்கு எழும்பிவிட்டது. நான் சுவரைத் தாண்டக் காலைத் தூக்கினேன்.

அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு கீழே வந்து அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டது.

வினோஜா வாயை எடுத்தாள். உதட்டில் இரத்தம். தான் என்ன செய்துவிட்டாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, அந்தப் பிள்ளை செய்ததை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மற்றக் கையையும் நீட்டினாள்.

சிவகௌரி அவளுக்கு முன்னால் நிலத்தில் குந்தினாள். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "குட் மோர்னிங், வினோஜா," என்றாள். பிள்ளை பதில் சொல்லவில்லை. மணி அடிக்கும்வரைக்கும் சொல்லவில்லை. சிவகௌரியும் எழும்பிப்போய் மற்றப் பிள்ளைகளிடம் பெயர் கேட்டாள், கைலேஞ்சியால் விரலைச் சுற்றிக்கொண்டு.

பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் இரண்டு பேரும் கேற்றடிக்கு வந்தோம். அங்கே தனோஜன் நின்றான். காலையில் இருந்து நின்றிருக்கிறான், வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது. "கத்தினால் வருவன்," என்று தங்கைக்குச் சொல்லிவிட்டு நின்றிருக்கிறான். இடக்கையில் ஒரு செங்கல். விளையாட்டு சேர் அதைக் கண்டுவிட்டு, "பொலிசைக் கூப்பிடட்டோ?" என்று பின்னால் ஓடிவந்தார். "நீங்கள் போய் உங்கடை அலுவலைப் பாருங்கோ!" என்று நான் எரிந்து விழுந்தேன்.

வினோஜா ஓடிப்போனாள். அவன் செங்கல்லைக் கீழே போட்டுவிட்டு, கோணல் கையால் அவளுடைய வலது கையைத் திருப்பிப் பார்த்தான். இடது கையைத் திருப்பிப் பார்த்தான். சட்டையை விலக்கி முதுகைப் பார்த்தான், குனிந்து காலைப் பார்த்தான். ஒரு கோடும் இல்லை. நிமிர்ந்தபோது சிவகௌரியின் கையில் இருந்த இரத்தச் சீலையைக் கண்டான்.

"உதென்ன ரீச்சர்?"

"உன்ரை தங்கச்சி கடிச்சுப்போட்டாள்."

"பேந்து?"

"பேந்தென்ன? ஒண்டுமில்லை. நாளைக்கும் அனுப்பு."

"நீங்கள் அடிக்கேல்லையோ?"

"இல்லை."

அவன் திரும்பவும் தங்கையின் உள்ளங்கைகளைப் பிடித்துப் பார்த்தான். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, சின்னப்பிள்ளை விளங்காததைக் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"அப்ப எனக்கு ஏன் ரீச்சர் அடிச்சனீங்கள்?"

சிவகௌரி விரலில் சுற்றியிருந்த கைலேஞ்சியை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். அவன் தங்கையைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு, ஒற்றைக் கையால் பிடித்து உழக்கிக்கொண்டு போனான்.